முதுகில் வெட்டிய கோட்டு

நத்தம் சாலையில் நான் வேலை பார்த்த தையல் யூனிட்டில் எல்லாரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கொரோனா சமயத்தில் பள்ளிக்கூடம் கைவிட்டதும் அங்கே செக்கராகச் சேர்ந்தேன். தைத்து வருவதில் குற்றம் கண்டுபிடிக்கிற வேலை. அது எனக்குப் பிறவியிலேயே வரும் என்று என் கணவர் சொல்வார்.

நைட்டியும் பள்ளிச் சீருடையும் தைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. இங்கிலாந்து ராஜாவை எதிர்த்து அந்த ஊர்க்காரர்கள் முதன்முதலாகத் திரட்டிய பட்டாளத்தின் கோட்டு. அங்கே சில பேர் லீவு நாளில் அந்த உடுப்பை மாட்டிக்கொண்டு பழைய சண்டையை மைதானத்தில் நடித்துக் காட்டுவார்களாம். நீலக் கம்பளி, சிவப்பு மடிப்பு, ஈய நிறத்தில் பொத்தான், பின்னால் நீளமாக வால். சித்திரை மாதத்துத் திண்டுக்கல்லில் அதை மடியில் போட்டுத் தைப்பது எரிகிற அடுப்பை மடியில் வைத்துக்கொள்வது மாதிரிதான்.

கூடவே இங்கிலீஷில் ஒரு கத்தை விதிமுறை வந்தது. படித்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பொத்தான் துளையை நாங்கள் காஜா என்போம். காஜா எல்லாம் கையால்தான் எடுக்க வேண்டும், ஒன்றில் மெஷின் பட்டாலும் கோட்டு ரிஜெக்ட். ரிஜெக்ட் ஆனதை யாரும் போட முடியாதபடி காலரிலிருந்து வால் வரைக்கும் முதுகில் வெட்டி, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். தையல் ஓடிய இடத்தில் வெட்டினால் மறுபடி மூட்டிவிடலாம். அதனால் தையலை விட்டுத் தள்ளி, துணியிலேயே வெட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

கையால் காஜா எடுக்கத் தெரிந்தவர் எங்கள் யூனிட்டில் ஒரே ஒருவர்தான். எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்தவர், ஐம்பது வயது இருக்கும். கிட்னி போய், வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் எடுத்துக்கொண்டிருந்தார். மற்ற நாளில் ஊசி பிடிப்பார். அவர் மனைவி அதே யூனிட்டில் பிசிறு வெட்டுகிற வேலையில் இருந்தார்.

விதிமுறைத் தாளில் அந்தப் பட்டாளத்தின் கதையும் கொஞ்சம் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டினேன். துணி வந்து சேராமல், செருப்புகூட இல்லாமல், பனியில் கந்தலோடு நின்றார்களாம். தைத்த கோட்டும் ரொம்பத் தாமதமாகத்தான் போயிருக்கிறது.

"அப்ப கோட்டு வரதுக்குள்ள செத்தவன் எம்புட்டுப் பேரு டீச்சர்?" என்று கேட்டார் காஜா எடுப்பவர்.

"அதெல்லாம் போடலண்ணே."

"போட மாட்டாய்ங்க" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடினார்.

எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஆம்பிளை செத்தால் கோட்டு போட்டுத்தான் பெட்டியில் வைப்பார்கள். முடிந்தவர்கள் வைப்பார்கள் என்று சொல்வதுதான் சரி. அவருடைய அப்பாவை வேட்டி சட்டையோடு புதைத்திருக்கிறார்கள். அது அவருக்குள் முள்ளாகவே கிடந்திருக்கிறது. ஒருநாள் செக்கிங் மேஜைக்கு வந்து நேராகவே கேட்டார்.

"டீச்சர், எனக்கு ரொம்ப நாள் இல்ல. என்னையப் பெட்டியில வைக்கும்போது இதுல ஒண்ணு போட்டு வைக்கணும். ஓனர்ட்ட கேட்டேன், துணி அவிய்ங்களோடது, கணக்கு இடிக்கும்னுட்டாரு. நீங்க ஒண்ண ரிஜெக்ட்டுனு எழுதிட்டு வெட்டாம குடுங்க."

"ரெடிமேடு வாங்கிக்கலாம்லண்ணே."

"ஊருக்கெல்லாம் தச்சுக் குடுத்துட்டு ரெடிமேடுல போகச் சொல்றீங்களா? கல்யாணத்துக்கு வாடகைக் கோட்டு போட்டேன், சாயந்தரமே கழட்டிக் குடுத்தாச்சு. இதுக்கு எவன் வாடகைக்குத் தருவான்?"

முடியாது என்று சொல்லிவிட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயம் பாதி. மீதி, எனக்கு என்னைப் பற்றியே இருந்த பெருமை. பொய்க்குத் துணைபோகாதவள் என்று பெயர் எடுத்து வைத்திருந்தேன்.

அடுத்த வாரம் ஒரு கோட்டு என் மேஜைக்கு வந்தது. வலது பக்கம் மூன்றாவது காஜா மெஷினில் போட்டது. மறைக்கக்கூட முயற்சி செய்யவில்லை. கோட்டை மேஜையில் விரித்துப் பார்த்தபோதே தெரிந்தது, தோளும் கையும் அவர் அளவு. நிமிர்ந்து பார்த்தேன். அவர் தன் இடத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் வெட்ட மாட்டாள் என்ற நம்பிக்கை அந்த முகத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்னை என்ன அவ்வளவு இளிச்சவாயி என்று நினைத்துவிட்டாரா?

கத்தரிக்கோலை எடுத்தேன். நடு முதுகுத் தையலுக்கு இரண்டு விரல் தள்ளி, காலரிலிருந்து வால் வரை ஒரே ஓட்டமாக வெட்டினேன். போட்டோ எடுத்தேன். யூனிட்டில் மெஷின் சத்தம் நின்றுபோயிருந்தது. அவர் குனிந்து அடுத்த காஜாவை எடுக்க ஆரம்பித்தார். அன்று சாயந்தரம் வரை எனக்கு நான் செய்தது சரி என்றுதான் இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அந்தத் தோளளவு மறுபடி மறுபடி கண்ணில் வந்தது.

மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. மூன்று வாரம் கழித்து இறந்துபோனார். ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பைக் கொடுக்க ஒரு ராத்திரி ஆகிவிட்டது. நான் மறுநாள் காலையில் மாலையோடு போனேன். தெருவிலேயே நின்றுகொண்டிருந்தேன். அவர் மனைவிதான் வாசல்வரைக்கும் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

கட்டில்மேல் அந்த நீலக் கோட்டு இருந்தது. நான் கழிவு மூட்டையில் போட்டதை, மறுநாள் அவர் மனைவி சாப்பாட்டுக் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

"அவருதான் எடுத்தாரச் சொன்னாரு. மூணு வாரமா இதேதான் டீச்சர். டயாலிசிஸ் போயிட்டு வந்து படுத்துக்கிட்டே தச்சாரு. செத்த நேரம் தூங்குங்கன்னாலும் கேக்கல."

கோட்டைத் திருப்பி முதுகைப் பார்த்தேன். வெட்டின இரண்டு ஓரத்தையும் முட்டவைத்து, கம்பளி மயிருக்குள்ளேயே நூல் மறைகிற மாதிரி மூட்டியிருந்தார். விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. மூன்றாவது காஜாவையும் பிரித்துக் கையால் எடுத்திருந்தார். எத்தனையோ கோட்டு பார்த்தவள் நான். ஒரு குறை சொல்ல முடியவில்லை.

சவப்பெட்டிக் கடையிலிருந்து வந்தவர் கோட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு உடம்பின் கையை மடக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"கை வெறச்சுப் போச்சும்மா. இப்ப மாட்ட முடியாது. முதுகுல நெடுக வெட்டி, ரெண்டு பக்கமும் முன்னாடியிருந்து சொருகிருவோம். எல்லாருக்கும் இப்பிடித்தான் செய்யிறது, படுத்திருக்கப்ப தெரியாது. கத்தரி இருக்கா?"

இறந்தவரின் மனைவி கத்தரிக்கோலை எடுத்து வந்தார். பெட்டிக்காரரிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார். கோபமாகவா நீட்டினார் என்று இன்றுவரை யோசிக்கிறேன். குரலில் கோபம் இல்லை.

"நீங்களே வெட்டுங்க டீச்சர். வேற எடத்துல வெட்டுனா நல்ல துணி போயிரும்."

தரையில் உட்கார்ந்து கோட்டை மடியில் குப்புறப் போட்டேன். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தையலை விரலால் தேடித் தேடி, காலரிலிருந்து கீழ்வரைக்கும் ஒவ்வொரு நூலாக வெட்டினேன். மூன்று வாரம் அவர் போட்ட தையல். பிரிக்க எனக்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.