ஷேர் ஃபோல்டரில் விழுந்த லீவு லெட்டர்

எனக்கு மூலம் இருந்தது. இதை இப்போது நானே எழுதுகிறேன். அன்று நான் வெளியில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. என் மனைவிக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரிந்திருந்த ஒன்றை, ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் படிக்கக் கொடுத்தார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

நான் ஒரு இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் வேன் டிரைவர். சொந்த ஊர் ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கம். காலையில் ஊர் ஊராகப் போய், இறால் உரிக்கும் பெண்களை ஏற்றிவந்து கடற்கரையோரம் இருக்கிற ஷெட்டில் இறக்குவேன். பிறகு ராமநாதபுரம் ஆபீஸுக்குப் போய் அவர்கள் சொல்கிற இடத்துக்கு ஓட்டுவேன். ராமேஸ்வரத்திலும் தொண்டியிலும் கம்பெனிக்கு இறால் எடை போட்டு வாங்குகிற இடங்கள் உண்டு. நான் பேச்சுக்கு முந்துகிறவன் இல்லை. வேனில் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வருவார்கள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவேன். யாராவது நேராகக் கேட்டால் மட்டும் ஆமாம், இல்லை என்பேன்.

நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டுகிற வேலை. வலி கூடிக்கொண்டே போனது. ஆபரேஷன் செய்துதான் ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லீவு லெட்டர் எழுதினேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்து கோணலாக இருக்கும், ஆனால் படிக்கலாம். முதலில் 'உடல்நிலை சரியில்லாததால்' என்றுதான் எழுதினேன். காரணம் விளக்கமாக இல்லாவிட்டால் சம்பளத்தோடு லீவு கிடைக்காது என்று ஆபீஸில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அதனால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஆஸ்பத்திரிச் சீட்டையும் உள்ளே வைத்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

மேனேஜர் சென்னைக்குப் போயிருந்தார். கம்ப்யூட்டரில் உட்காருகிற பெண்தான் இருந்தது. நல்ல பிள்ளை, திருவாடானைப் பக்கம். மடிப்பைப் பிரிக்காமலே நீட்டினேன்.

"சார் வர நாளாகும்ண்ணே. ஸ்கேன் பண்ணி மெயில்ல போட்டுறவா? அங்கருந்தே பாத்துருவாரு."

"போடுத்தா."

"தனியா அனுப்புனா அவரு பாக்க மாட்டாருண்ணே. மெயிலு மலையாட்டம் குமிஞ்சு கெடக்கு. ஷேர் ஃபோல்டர்ல போட்டுறேன், சரியா?"

இங்கேதான் நான் ஏமாந்தேன். ஷேர் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் பக்கம் நிலம் பாகம் பிரித்தால், இது அண்ணன் ஷேர், இது தம்பி ஷேர் என்பார்கள். கடற்கரையில் படகு வந்து நின்றால், பிடித்ததில் படகுக்காரர் ஷேர், வலைக்காரர் ஷேர், கடலுக்குப் போனவர் ஷேர் என்று பிரிப்பார்கள். பிரித்த பிறகு ஒருவர் ஷேரில் இன்னொருவர் கைவைத்தால் வெட்டுக்குத்துதான். ஆகவே ஷேர் ஃபோல்டர் என்றால் ஆளுக்கு ஓர் அறை வைத்த பெட்டி என்று நினைத்தேன். அதில் எனக்கும் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள், மேனேஜர் வந்து அதைத் திறந்து பார்ப்பார். டிரைவருக்கும் ஒரு ஷேர் வைத்திருக்கிறார்களே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"தாராளமாப் போடுத்தா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரம் போனேன். எடை போடுகிற ஆள் என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். அதுவே புதுசு. அந்த மனிதர் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை.

"வாங்க மாப்ள, உக்காருங்க. ஐயையோ, உக்காரக் கூடாதுல்ல? நில்லுங்க, நில்லுங்க."

உள்ளேயிருந்த கணக்கர் எட்டிப் பார்த்தார். "ஐஸ் பெட்டி மேல உக்காரச் சொல்லுண்ணே. இதமா இருக்கும்."

பெட்டி இறக்க வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"யாரு சொன்னா?" என்றேன்.

"யாரு சொல்லணும்? நீங்களே எழுதிருக்கீகளே. 'மிகுந்த வேதனையுடன்'னு. படிச்சுட்டு எங்களுக்கே வேதனையாப் போச்சு மாப்ள."

கணக்கர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் லெட்டர். என் கோணல் எழுத்து. நான் மடித்த மடிப்புக்கூடக் கோடு கோடாகத் தெரிந்தது. பக்கத்திலேயே ஆஸ்பத்திரிச் சீட்டு. அந்த ஃபோல்டர் கம்பெனியின் எல்லா ஊர்க் கம்ப்யூட்டரிலும் திறக்குமாம். அதில் புதிதாக ஏதாவது விழுந்தால் அதன் பெயர் தடித்த எழுத்தில் தெரியுமாம். தடித்துத் தெரிந்தால் திறந்து பார்க்கத்தானே செய்வோம் என்றார் கணக்கர். அதில் ஒரு தப்பும் இருப்பதாக அவர் முகத்தில் தெரியவில்லை.

திரும்பி வரும்போது பாம்பன் பாலத்தில் காற்று வேனைத் தள்ளியது. நான் இந்தப் பாலத்தைத் தாண்டுவதற்கு முன்பே என் நோய் தாண்டிவிட்டது. தொண்டியிலும் படித்திருப்பார்கள். ராமநாதபுரம் ஆபீஸில் காலையில் டீ கொண்டுவந்தவர் ஏன் அப்படிப் பார்த்தார் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

ஆபீஸுக்குள் போய் அந்தப் பெண்ணின் மேசை முன்னால் நின்றேன்.

"ஏத்தா, என் லெட்டர ஊரே படிக்குது."

அதன் முகம் வெளுத்துப்போனது. "ஒங்ககிட்டக் கேட்டுத்தானண்ணே போட்டேன்? ஷேர் ஃபோல்டர்னு சொன்னேன்ல?"

"ஷேர்னா பிரிச்சு வைக்கிறது இல்லையா?"

"இல்லண்ணே. பிரிக்காம வைக்கிறதுக்குப் பேருதான் ஷேர்."

பக்கத்து மேசைக்காரன் வாய்விட்டுச் சிரித்தான். "அண்ணன் பாகம் பிரிக்க வந்துட்டாரு. பத்திரம் போட்டுருவமா?"

அவன் வயது என் தம்பி வயது. வீட்டுக்குப் போன பிறகுதான் பதில்கள் எல்லாம் வரிசையாக வந்தன.

"எடுத்துருத்தா" என்று மட்டும் சொன்னேன். எடுப்பதற்காக அந்தப் பெண் ஃபோல்டரைத் திறந்தது. அதில் என்னுடையது மட்டும் இல்லை. பெயர்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் என் வேனில் ஏறுகிற பெண்களின் பெயர்கள். அவசரத்தில் கைதவறி வேறொரு பெயர் திறந்துகொண்டது. நீல மையில், அழகான கையெழுத்தில், யாரோ எழுதிக்கொடுத்த லெட்டர். 'எனக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால்' என்பது முதல் வரி. முகத்தைத் திருப்பினேன். ஆனால் கண் அதற்குள் படித்துவிட்டது. எனக்குப் பின்சீட்டில் ஜன்னலோரம் உட்காருகிற பெண் அவர். படியில் கால் வைக்கும்போதே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறவர்.

"இதயும் எல்லாரும் பாப்பாகளா?"

"ஆமாண்ணே."

"மேனேஜர் லீவு லெட்டர் எங்கன இருக்கு?"

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கியது. பிறகு மெதுவாக, "அது வேற ஃபோல்டர்ண்ணே. ஆபீஸ் ஸ்டாஃபுக்குத் தனி. சாருக்கும் சென்னைக்கும் மட்டுந்தான் தொறக்கும்" என்றது.

அதுவரைக்கும் எனக்கு இருந்தது வெட்கம். அந்த நிமிடம்தான் அது கோபமானது. பூட்டத் தெரியாமல் திறந்து போட்டிருந்தால் நானும் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். பூட்டத் தெரிந்திருக்கிறது. தங்களுக்குப் பூட்டிக்கொண்டு எங்களை மட்டும் திறந்து போட்டிருக்கிறார்கள். வேன் ஓட்டுகிறவன் உடம்புக்கும் இறால் உரிக்கிறவள் உடம்புக்கும் கதவு எதற்கு என்று நினைத்திருக்கிறார்கள். நினைத்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. நினைக்கவே இல்லை.

மேனேஜர் சென்னையிலிருந்து வந்ததும் அவர் அறைக்குள் போனேன். என்ன பேச வேண்டும் என்று வேனிலேயே பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன்.

"உங்களோடத எடுத்தாச்சாமே. அப்புறம் என்ன?" என்றார்.

"பொம்பளையளோடது இருக்கு சார்."

"அவங்க யாரும் வந்து கேக்கலையே."

"அவுகளுக்குத் தெரியாது சார்."

"தெரியாதுல்ல? அப்பப் பிரச்சனையும் இல்ல. நீங்க போய் ஆபரேஷனை நல்லபடியா முடிச்சிட்டு வாங்க. நான் பாக்குறேன்."

நான் வெளியே வந்தேன். பார்க்கிறேன் என்றாரே, பார்ப்பார் என்றுதான் நம்பினேன். ஆபரேஷன் முடிந்து, புண் ஆறி, வேலைக்குத் திரும்பிய அன்றே அந்தப் பெண்ணிடம் கேட்டேன். தலையை ஆட்டியது. "அப்படியேதான் இருக்குண்ணே. இன்னுஞ் சேந்துருக்கு."

மறுநாள் காலை கடைசி ஊரிலும் ஆள் ஏற்றிய பிறகு, கண்மாய்க்கரை ஓரமாக வண்டியை நிறுத்தினேன்.

"என்னண்ணே, டயரு போச்சா?" என்றது ஒரு குரல்.

"டயரு இல்ல, டிரைவருக்குத்தான் காத்து எறங்கிருச்சு" என்றது இன்னொன்று. சிரித்தார்கள்.

இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தேன். அத்தனை பேர் முகத்தையும் ஒன்றாக அன்றுதான் பார்த்தேன். "நீங்க குடுத்த லீவு லெட்டரு எல்லாத்தயும் கம்ப்யூட்டர்ல எல்லாரும் படிக்கிற மாதிரி போட்டுருக்காக" என்றேன்.

சிரிப்பு நின்றுபோனது. கூட்டத்தில் மூத்த பெண் முன்னால் எழுந்து வந்தார். "எல்லாரும்னா? ராமேஸ்வரத்துல எடை போடுற கடங்காரனுமா?"

"அவருந்தான்."

"அதான் அன்னைக்கு ஷெட்டுக்கு வந்தவன் என்னயப் பாத்து, இப்ப ஒடம்பு தேவலையான்னு இளிச்சானா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். ஜன்னலோரப் பெண் வெளியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்கு எப்பிடிப்பா தெரியும்?" என்று மூத்தவர் கேட்டார்.

"என்னோடதும் அங்கனதான் கெடந்துச்சு."

"ஒனக்கு என்ன?"

சொன்னேன். அத்தனை பெண்களுக்கு முன்னால் அந்த வார்த்தையைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"எடு வண்டிய" என்றார் அவர். "ஷெட்டுக்கு வேணாம். நேரா ஆபீசுக்கு விடு."

ஆபீஸ் வாசலில் இறங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாரும் உள்ளே போனார்கள். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். மேனேஜர் அறையில் இடம் போதவில்லை. மூத்த பெண்ணின் குரல் தெருவரைக்கும் கேட்டது.

"தொறங்க சார், ஒங்க லெட்டரயும் தொறங்க. ஒங்க வீட்டம்மா லெட்டரு இருந்தா அதயும் தொறங்க. நாங்களும் படிக்கிறோம். படிக்கத் தெரியாதவளுக்கு இவ வாசிச்சுக் காட்டுவா."

"ஏத்தா, சத்தமா வாசிக்கணும். எனக்குக் காது மந்தம்" என்றது ஒரு குரல்.

ஷெட்டில் இறால் உரிக்க ஆள் இல்லாமல் கிடந்தது. ஐஸ் கரைகிறது என்று அங்கிருந்து போன்மேல் போன் வந்தது. சென்னையிலிருந்தும் வந்தது. அதன்பிறகு மேனேஜர் அந்தக் கம்ப்யூட்டர்ப் பெண்ணைக் கூப்பிட்டார். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்துக்குள், அந்த ஃபோல்டர் மற்றவர்களுக்குத் திறக்காதபடி செய்தாயிற்று. வேலை அவ்வளவுதான். அந்தச் சின்ன வேலைக்குத்தான் இத்தனை நாள் யாருக்கும் கை வரவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு முன்னைவிடக் கோபம் கூடியது.

பெண்களை ஷெட்டில் இறக்கிவிட்டு வந்ததும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஆபீஸ் விஷயத்த வேன்ல பேசலாமா? ஒழுங்கு வேணாமா?"

"எது சார் ஆபீஸ் விஷயம்? அவுக வயிறா?"

குரல் உடைந்துதான் வந்தது. உடைந்தால் உடையட்டும் என்று நின்றேன். அவர் பேப்பரைப் பார்த்தார். அந்த வாரமே வேனை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, என்னைத் தொண்டிக்கு ஐஸ் வண்டி ஓட்டச் சொன்னார்கள். இப்போதும் அதைத்தான் ஓட்டுகிறேன்.

ஜன்னலோரம் உட்காருகிற பெண் அதன்பிறகு வேலைக்கு வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். மிளகாய் காம்பு கிள்ளுகிற வேலைக்கு முதுகுளத்தூர்ப் பக்கம் போவதாகச் சொன்னார். ஷெட்டுக்குத் திரும்ப வரலாமே, இப்போது பூட்டிவிட்டார்களே என்றேன்.

"அண்ணே, நீங்களும் படிச்சீகளா?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். "மொத வரி மட்டுந்தான்த்தா. கைதவறித் தொறந்துருச்சு" என்றேன்.

"மொத வரியிலதானண்ணே எல்லாம் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.