நிரைகளுக்கு நடுவே கொஞ்சம் இடம்

ஆடி மாதத்தில் எங்கள் கடையில் கல்யாணப் பத்திரிகை வேலை இருக்காது. திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து நடந்து வருகிற வழியில், ஒரு செருப்புக் கடைக்கு மாடியில் இருக்கிற டி.டி.பி. கடை அது. கூழ் வார்க்கிற திருவிழாவுக்கு நோட்டீஸ் வரும். ஊர்ப் பேரை மாற்றி, அம்மன் படத்தை மாற்றினால் அதுவும் முடிந்துவிடும். பிறகு மத்தியானம் முழுக்க மின்விசிறிதான். கீழே பஸ்காரர்கள் ஊர் பேர் சொல்லிக் கூவுவது, தூங்குகிறவள் காதில் விழுவது போல எங்கிருந்தோ விழும். அப்படி ஒரு மத்தியானத்தில்தான் டீச்சர் அந்தக் கணக்குத் தாளோடு மாடியேறி வந்தார்.

டீச்சருக்கு வீடு திண்டிவனம், வேலை விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். தினம் ரயிலில் போய் வருகிறவர். கேள்வித்தாள் அடிக்க எங்களிடம்தான் கொடுப்பார். இந்தத் தடவை முழுக்க அணிக் கணக்குகள். அணி என்றால் எண்களைப் படுக்கையாகவும் நெட்டாகவும் அடுக்கி, இரண்டு பக்கமும் பெரிய அடைப்புக்குறி போடுவது. படுக்கை வரிசைக்கு நிரை என்று பேர், நெட்டு வரிசைக்கு நிரல். நான் ஒன்பதாவதோடு நின்றவள். அணி பத்தாவதில்தான் ஆரம்பிக்கிறதாம். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்த வீடு மாதிரி, அதன்மேல் எனக்கு ஒரு ஏக்கம் உண்டு.

ஆனால் அடிக்கத் தெரியும். எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் ஒரு 'அண்ட்' குறி, நிரை முடிந்தால் இரண்டு சாய்கோடு. கட்டளையைத் தட்டினால் அடைப்புக்குறிகள் தாமாக உயர்ந்து எல்லா எண்களையும் அணைத்துக்கொள்ளும். அதைப் பார்க்கும்போது எனக்கு மரக்காணம் உப்பளம் ஞாபகம் வரும். கடலோரக் குப்பத்திலிருந்து தினம் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் வருகிறேன். காலை வெயிலில் ஒரு பாத்தியில் வானம் கிடக்கும், அடுத்ததில் பாதி வெள்ளை, அதற்கடுத்ததில் முழு வெள்ளை. நடுவில் வரப்பு. ஜன்னலோரம் கண் சொருகுகிறபோது ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு எண் மிதந்துகொண்டிருக்கும். நடத்துனர் டிக்கெட் கேட்கிற வரைக்கும் மிதக்கும்.

"இது கிளாஸுக்கு இல்லம்மா, ஒரே ஒரு பொண்ணுக்கு" என்றார் டீச்சர். "அனந்தபுரம் பக்கத்துப் பொண்ணு, பன்னெண்டாவது. கண்ணு சரியாத் தெரியாது. லென்ஸை வெச்சிக்கினு படிப்பா. இதுவரைக்கும் பரிட்சைல யாராச்சும் கேள்வியைப் படிச்சுக் காட்டுவாங்க. இப்ப, நானே படிச்சு எழுதுறேன் மிஸ்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. சனிக்கிழமை ஒரு தாள் குடுத்துப் பாக்கப் போறேன். அவளே படிச்சிட்டான்னா மாசப் பரிட்சைலருந்து அப்படியே உட்டுடலாம்னு ஹெச்.எம். சொல்லியிருக்காங்க. முடியலன்னா பழையபடி ஆளை வெச்சுப் படிச்சுக் காட்டுறதுதான்."

"எழுத்தைப் பெருசாக்கணும், அவ்ளோதானங்க மிஸ்?" என்றார் கடைக்கார அண்ணன். "இதெல்லாம் ஒரு வேலையா? சாயங்காலமே வாங்கிக்கினு போங்க."

அவருக்கு அது அவ்வளவுதான். எனக்கு அப்போதே கவலை தொற்றிக்கொண்டது. எனக்கு எல்லாவற்றுக்கும் கவலைதான். பிரிண்டரில் மை தீர்ந்துவிடுமோ, மூன்று எட்டு மாதிரித் தெரியுமோ, அந்தப் பெண் ஹெச்.எம். முன்னால் தாளை வைத்துக்கொண்டு விழிப்பாளோ என்று, பார்த்தேயிராத ஒரு பெண்ணுக்காகப் பயந்தேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. தாளில் வெற்றிடம் தெரியக்கூடாது. பெண் வீட்டார் பேர் இடது ஓரம், மாப்பிள்ளை வீட்டார் பேர் வலது ஓரம், தாய்மாமன்கள் கீழே அகலமாக. யாரும் யாரையும் இடிக்காமல் தாள் முழுக்கப் பரவி உட்கார வேண்டும். கை பழகிப்போனதால் அணியையும் அப்படியே போட்டேன். எழுத்தை மூன்று மடங்காக்கினேன். நிரல்களை ஓரத்துக்கு ஓரம் இழுத்துவிட்டேன். நிரைகள் மட்டும் வழக்கமான நெருக்கத்தில் இருந்தன. அதைத் தொட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அண்ணன் தாளைத் தூக்கிப் பார்த்தார். "மண்டபத்துல சேர் போட்ட மாதிரி இன்னா அழகா உக்காந்திருக்குது!"

மறுநாள் சாயங்காலம் ரயில் இறங்கி நேராகக் கடைக்கு வந்த டீச்சர், நாற்காலியில் உட்காரவில்லை. "சனிக்கிழமைக்கு முன்னாடி ஒரு தடவை படிக்கச் சொல்லிப் பாத்தேன். அவளால முடியலம்மா. முதல் நிரைல ஆரம்பிச்சு ரெண்டாவது நிரைல போய் முடிக்கிறா. தாளை மடிச்சு என் கைல குடுத்துட்டா."

இன்னும் பெரிதாக்கினேன். நிரல்களின் இடைவெளியையும் சேர்த்துத்தான். தாளைப் பக்கவாட்டில் திருப்பி, எண்களை எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளினேன். வெள்ளிக்கிழமை டீச்சர் போனில் சொன்னார், முன்பு ஒரு நிரையாவது முழுசாக வந்தது, இப்போது அதுவும் வரவில்லை என்று. பேசி முடித்தும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அந்தப் பெண்ணின் பக்கத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து, வருஷம் முழுக்க அவளுக்குப் படித்துக் காட்டிக்கொண்டே இருப்பது கண் முன்னால் வந்தது. அந்த ஆளை அங்கே உட்காரவைத்தது நான்தான் என்று பட்டது.

திரும்பக் கூப்பிட்டு, "மிஸ், நாளைக்கு நானும் வரட்டுங்களா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது.

அண்ணன் மௌஸைக் கீழே வைத்தார். "ஏம்மா, நாளைக்குத் திருவிழா நோட்டீஸை யாரு முடிக்கிறது? அம்மன் தானா எறங்கி வந்து பிரிண்ட் எடுத்துக்குமா?"

"ஒரு வேளைதாண்ணே. போய்ட்டு ஜல்தியா வந்துடறேன்."

"போ, போ. நீ இங்க இருந்தாலும் அதையே நெனச்சிக்கினு அம்மன் கைல சூலத்துக்குப் பதிலா அடைப்புக்குறியைக் குடுத்துடுவே" என்றார். லேப்டாப்பைப் பையில் போட்டுக் கொடுத்ததும் அவர்தான்.

சனிக்கிழமை காலை ரயிலில் டீச்சர் எதிர் இருக்கையில் விடைத்தாள் திருத்திக்கொண்டு வந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். மயிலம் தாண்டி, மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிகள் வரிசை வரிசையாக நின்றன. ரயில் ஓடுகையில் அந்த வரிசைகள் விசிறி மாதிரி விரிந்து மூடின. ஒரு நொடி நேராகத் தெரியும், அடுத்த நொடி ஒன்றோடொன்று கலந்துவிடும். எந்த வரிசையை விட்டேன், எதைப் பிடித்தேன் என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. விக்கிரவாண்டி வந்தபோது நான் பாதித் தூக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளின் மேல் நடந்துகொண்டிருந்தேன். எங்கும் ஒரு எண்கூட இல்லை. அடுத்த எண் எங்கே என்று யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. முண்டியம்பாக்கத்தில் வண்டி குலுங்கி நின்றபோதுதான் விழித்தேன். பை மடியிலேயே இருந்தது.

பள்ளிக்கூடத்தில் வகுப்பு இல்லை. ஆசிரியர் அறை ஜன்னலோரம் அந்தப் பெண் ரெட்டை ஜடையோடு உட்கார்ந்திருந்தாள். கையில் பாதி லட்டு மாதிரி ஒரு கண்ணாடி லென்ஸ். தாளின் மேல் வைத்து நகர்த்துகிற வகை.

"நீங்கதான் அடிச்சவங்களாக்கா?" என்று குரல் வந்த பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு ரொம்ப தாராள மனசுக்கா. ஒரு நம்பர்லருந்து அடுத்த நம்பருக்குப் போறதுன்னா பஸ்ஸு புடிக்கணும் போலக்குது."

டீச்சர், "வாய்டி உனக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டுறியாமா?" என்றேன்.

நான் கடைசியாகப் பெரிதாக்கிய தாளில் லென்ஸை முதல் எண்ணின் மேல் வைத்தாள். அந்த வட்டத்துக்குள் ஒரே ஒரு எண், குளத்து மீன் மாதிரி வீங்கித் தெரிந்தது. வலது பக்கம் நகர்த்தினாள். வட்டத்துக்குள் வெறும் வெள்ளை. இன்னும் நகர்த்தினாள், இன்னும் வெள்ளை. அந்த வெள்ளையில் கை தன்னை அறியாமல் கொஞ்சம், மிகக் கொஞ்சம், கீழே சாய்ந்தது. அடுத்த எண் வட்டத்துக்குள் வந்தபோது அது இரண்டாவது நிரையின் எண்.

"வெள்ளைல வழி தெரியலக்கா. இதை உட்டுப் போறதுக்குள்ள அடுத்ததோட ஓரமாச்சும் தெரிஞ்சா புடிச்சிக்கினு போயிடுவேன்."

மேசையில் லேப்டாப்பைத் திறந்தேன். நிரல்களை நெருக்கினேன். நிரைகளுக்கு நடுவே இடம் கூட்டினேன், கை சாய்ந்தாலும் கீழ் நிரை எட்டாத அளவுக்கு. அதற்குக் கட்டளையில் ஒரே ஒரு அளவை மாற்றினால் போதும். ஆசிரியர் அறை பிரிண்டர் இருமி இருமி ஒரு தாளைத் தள்ளியது.

இந்தத் தடவை லென்ஸ் நேராகப் போனது. ஆனால் நிரையின் கடைசியில் அவள் நின்றுவிட்டாள். "மிஸ், இதுல ரெண்டே நிரல்தானா?"

"மூணு இருக்கே."

"அஞ்சு மைனஸ் ரெண்டு, அப்புறம் ஏழுன்னு போட்டிருக்குது."

ஐந்து ஒரு எண். மைனஸ் இரண்டு இன்னொரு எண். நான் நெருக்கிய நெருக்கலில் இரண்டும் சேர்ந்து ஒரு கழித்தல் கணக்காகிவிட்டன. "பேஜாராப் போச்சு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"பயப்படாதீங்கக்கா, நான் எங்கியும் போகல" என்றாள் அவள். "மைனஸை அதோட நம்பர் கிட்டக்க ஒட்ட வெச்சிடுங்க. அந்தப் பக்கத்து நம்பரை மட்டும் கொஞ்சம் தள்ளி வெய்யுங்க."

அவள் சொன்னபடியே செய்தேன். மைனஸ் தன் எண்ணோடு ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்னால் ஒரு எழுத்தகலம் இடம் விட்டேன். ஒவ்வொரு நிரலிலும் எண்களை நடுவில் நிறுத்துவதை விட்டு, அந்த நிரலின் வலது ஓரத்தில் நிறுத்தினேன். மைனஸ்கள் இடப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்க, எண்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக நேராக இறங்கின. தாளின் பாதி காலியாகக் கிடந்தது. அண்ணன் பார்த்திருந்தால் தாங்கியிருக்க மாட்டார்.

அணியின் எண்களைப் பெருக்கி, கூட்டிக் கழித்து ஒரே எண்ணாக்குவதற்கு அணிக்கோவை என்று பேர். டீச்சர் அவள் இதுவரை பார்க்காத அப்படி ஒரு கணக்கைச் சொல்ல, அதை அப்படியே அடித்துப் புதுத் தாளில் எடுத்தேன். "நான் வாயே தொறக்க மாட்டேன். நீயே படி, நீயே போடு" என்றார் டீச்சர்.

அறையில் சத்தம் நின்றது. தாளின் மேல் லென்ஸ் உரசுகிற மெல்லிய ஓசை மட்டும். வேப்பமர நிழல் மேசையில் அசைந்தது. அவள் உதடு அசைந்தது. மூணு, மைனஸ் ஒண்ணு, ரெண்டு. பூஜ்யம், நாலு, மைனஸ் அஞ்சு. மைனஸ் ரெண்டு, ஒண்ணு, ஆறு. ஒவ்வொரு எண்ணாக வட்டத்துக்குள் வந்தது, வீங்கியது, போனது. எந்த வெள்ளையிலும் அவள் தொலையவில்லை. பிறகு அவள் தடிப்பேனாவால் பெரிய பெரிய எழுத்தில் போட ஆரம்பித்தாள். நேரம் போனதே தெரியவில்லை.

"நூத்திப் பதிமூணு மிஸ்."

டீச்சர் தன் தாளைப் பார்த்தார். "தொண்ணூத்தி மூணு வரணுமே."

ஏதோ ஒரு மைனஸை விட்டிருக்கிறேன், எங்கோ மறுபடி நெருக்கியிருக்கிறேன். தாளைப் பிடுங்காத குறையாகக் கையை நீட்டினேன். "எங்க தப்பா அடிச்சிருக்கேன்? குடும்மா, நான் பாக்குறேன்."

"இருங்கக்கா, இருங்க." அவள் கொடுக்கவில்லை. லென்ஸை மறுபடி அணியின் மேல் ஓட்டினாள், ஒவ்வொரு எண்ணாக. பிறகு தான் எழுதிய வரிகளின் மேல் ஓட்டினாள். ஓரிடத்தில் லென்ஸ் நின்றது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"தாளு சரியாக்குது மிஸ். நானும் சரியாத்தான் படிச்சிருக்கேன். நடுவுல பெருக்குறப்ப ஒரு மைனஸை முழுங்கிட்டேன். மைனஸ் பத்து வரணும், பத்துன்னு போட்டுக்கினேன்."

"தப்பு பண்ணிட்டு இன்னாடி சிரிப்பு?"

"இது என் தப்பு மிஸ். இத்தினி நாளா தப்பு வந்தா, படிச்சுக் காட்டுனவங்க தப்பா, என் தப்பான்னே தெரியாது. இது நானே பண்ணது."

டீச்சர் அந்த வரியைத் தானும் ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "படிச்சுக் காட்ட ஆள் வேணாம்னு ஹெச்.எம். கிட்டச் சொல்லிடறேன்மா. இவளுக்குக் கணக்குதான் இன்னும் சொல்லிக்குடுக்கணும்" என்றார். சொல்லிக்கொண்டே சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"மிஸ், பெருசா சுழிங்க" என்று அந்தப் பெண் தாளை அவர் பக்கம் தள்ளினாள். "நான் பாக்கணும்."

டீச்சர் அந்தப் பத்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டார். மை காய்வதற்குள் அவள் லென்ஸை அதன் மேல் வைத்து, சிவப்புக் கோட்டோடு கூடவே மெதுவாகச் சுற்றி வந்தாள்.