சுண்ணாம்புக் கோடு

இன்று காலை ஈரச் சுண்ணாம்பின் வாசனை வந்ததும் எங்கள் புத்தூர் காலனி மைதானத்துக்கு மகளோடு ஓடினேன். சின்ன வயதில் சனிக்கிழமைதோறும் மூலை வீட்டு ரகு அங்கிள் அங்கே ஷட்டில் ஆடக் கோடு போடுவார்; கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க நாங்கள் சண்டை போடுவோம், காயுமுன் கோட்டை மிதித்தவர் ஓர் ஆட்டம் அவுட், இருட்டும்வரை அம்மாக்களின் பேச்சும் புழுதியும் கலந்தே கிடக்கும்.

இன்று, அசோசியேஷன் செயலாளராகிவிட்ட அதே அங்கிள் கார் நிறுத்தக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க இன்ஜினியரம்மா, டேப்பைப் பிடிங்க!"

"பசங்க எங்க விளையாடுவாங்க, அங்கிள்?"

"உங்க வீட்டு ரெண்டாவது காரை எங்கம்மா நிறுத்துவ?"

எரிச்சலை விழுங்கிக்கொண்டு டேப்பைப் பிடித்தேன். மகள் கோட்டை மிதித்துவிட்டாள்.

"அவுட்! வெளிய போ!" என்று அங்கிள் சிரித்தார்.

"வெளியன்னா எங்கம்மா?" என்றாள் அவள்.

காலனி வாசலுக்கு வெளியே பஸ் போகும் ரோடுதான் இருந்தது.