டெஸ்ட்டில் தேறாத தந்தி

இந்த வாரம் தமாஷாக எழுத என்னிடம் எதுவும் இல்லை. மன்னியுங்கள். மனசு வெறுத்துப் போயிருக்கிறது.

பக்கத்து வீட்டு ரோசம்மாவின் கணவர் சூசைக்குக் கொழும்புத் துறைமுகத்தில் வேலை. காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மனைவியைப் பார்க்க ஆசைப்பட்டார். 'புறப்பட்டு வா' என்று அவளுக்கு ஒரு தந்தி. கப்பல் செலவுக்கு வங்கி வழியாகத் தந்தியிலேயே பணம். படுத்தபடியே பாரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் பாவம்.

சனிக்கிழமை கப்பல். உலகச் சண்டை முடிந்த பிறகும் இங்கே கப்பல் ஒழுங்காக ஓடுகிறதா என்ன? ஒன்றை விட்டால் அடுத்தது எப்போது என்று துறைமுகத்துக்கே தெரியாது. வியாழக்கிழமை காலையில் அவளை வங்கிக்கு அழைத்துப் போனேன்.

"பணம் வந்திருக்கும்மா. ஆனா குடுக்க முடியாது" என்றார் அந்த வங்கிக் கிளையை நடத்தும் ஏஜென்ட்.

பணம் அனுப்பும் தந்தியில் ஒரு ரகசிய எண் இருக்குமாம். தேதி, தொகை இவற்றை வைத்து இங்கேயும் ஒரு கணக்குப் போடுவார்களாம். இரண்டும் ஒத்துப்போனால்தான் பணம். அதற்குப் பெயர் டெஸ்ட். வந்த தந்தியில் எங்கேயோ ஓர் எண் புரண்டிருக்கிறது...

"எவனாவது கள்ளத் தந்தி குடுத்துப் பணத்தை அடிச்சிட்டுப் போயிட்டா?" என்றார். நியாயம்தான். யார் இல்லையென்றது?

ஆனால் ரோசம்மா அவருக்கு அந்நியம் இல்லை. அவர் மகள் கல்யாணத்துக்குப் பலகாரம் சுட்டுக் கொடுத்தவளே இவள்தான்.

"ஐயா, ஒங்களுக்கு என்னையத் தெரியாதா?"

"ஒன்னையத் தெரியும்மா. தந்தியைத்தான் நம்ப முடியல."

மறுநாள் போனால், பணம் கொழும்புக்கே திரும்பிவிட்டது! தேறாத பணத்தை வைத்திருக்கக்கூடாது என்று மேலிடத்து உத்தரவாம். சரியான எண்ணோடு ஒரே நாளில் மறுபடி வந்துவிடும் என்றார் ஏஜென்ட்.

நான் பணம் தருகிறேன் என்றேன். ரோசம்மா கேட்கவில்லை. "அவுக அனுப்புன பணம் இருக்கையில கடன் எதுக்கு அண்ணாச்சி? ஒரு நாள்தான சொல்லுதாக? சனிக்கிழமை காலம்பற வந்துரும்."

வரவில்லை. கப்பல் போய்விட்டது.

ஏன் வரவில்லை தெரியுமா? திரும்பிய பணம் சூசையின் கணக்கில் ஏறிவிட்டது. மறுபடி அனுப்ப அவர் புதிதாகக் கையெழுத்துப் போடவேண்டும். வங்கி ஆள் பாரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது.

செவ்வாய்க்கிழமை தந்தி வந்தது. சூசை இறந்துவிட்டார்.

புதைக்கிற இடத்தையாவது பார்க்கவேண்டும் என்று அழுதாள். இப்போதும் என் பணத்தை வாங்க மறுத்தாள்; மறுபடி வங்கிக்குப் போனோம். இனி அது செத்தவர் பணம், கோர்ட்டில் வாரிசுப் பத்திரம் வாங்கி வரவேண்டும் என்றார்கள்.

"அனுப்பும்போது உசிரோடதான இருந்தாக?" என்று கேட்டாள்.

ஏஜென்ட் நல்ல மனுஷர்தான். யாரைக் கோபித்துக்கொள்ள? ஒருவரும் தப்புச் செய்யவில்லை, எல்லோரும் விதிப்படியே நடந்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சாவுத் தந்தியை வாங்கிப் படித்தார். கணக்கை நிறுத்தச் சொல்லி அப்போதே கொழும்புக்கு எழுதினார்.

அந்தத் தந்திக்கு மட்டும் டெஸ்ட் எதுவும் இல்லை. பார்த்த உடனே நம்பிவிட்டார்கள்.