சபாஷ் டீச்சரும் மூன்றாவது வரிசையும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது. ஆளுயரத்துக்கு ஒரு மரத்தடுப்பு, அவ்வளவுதான். இந்தப் பக்கம் நாலாம் வகுப்பில் நான், அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பில் அவள். பதினோரு வருஷம் அப்படித்தான் பாடம் நடத்தினோம். என் பக்கத்திலிருந்து அங்கே போனதெல்லாம் கத்தல். அங்கிருந்து இங்கே வந்ததெல்லாம் "சபாஷ்".

எனக்கு மூக்குமேல் கோபம் வரும். அதை மறைத்துப் பேச இந்த வயதில் எனக்குத் தெம்பில்லை. அவளுக்கோ கோபம் என்றால் என்னவென்றே தெரியாது. ஒருவன் பக்கத்துப் பையனுக்கு ரப்பர் கொடுத்தால் சபாஷ். பொய் சொன்னவன் ஒத்துக்கொண்டால் இரண்டு சபாஷ். "ஏம்மா, இதுங்க தும்மினாக்கூட சபாஷ் சொல்வியா?" என்று ஒருநாள் கேட்டேன். "கையால மூடிக்கிட்டுத் தும்மினா சொல்வேன்க்கா" என்றாள். அன்றிலிருந்து ஆசிரியர் அறையில் அவளுக்குச் சபாஷ் டீச்சர் என்றே பெயர். நான்தான் வைத்தேன்.

அவளுடைய அப்பா அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்தவர். நாள் முழுக்கச் சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு வீட்டுக்கு வந்தாலும் பிழைதான் கண்ணில் பட்டிருக்கிறது. கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கிக்கொண்டு ஓடி வந்த மகளிடம், "மீதி ரெண்டு எங்க?" என்று கேட்டாராம். "சாகுற வரைக்கும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லக்கா. கடைசியா ஆஸ்பத்திரியில காலப் பிடிச்சு விட்டுக்கிட்டு இருந்தேன். சரியாப் பிடின்னாரு, அவ்வளவுதான்." இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவோடு இருந்தாள். பிரம்பைத் தொடமாட்டேன் என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே முடிவு செய்துவிட்டதாகச் சொன்னாள். சும்மா சொல்லக்கூடாது, பிள்ளைகளும் அவளிடம் அப்படி இருந்தார்கள். என்னிடம் ஒரு வருஷம் முழுக்க வானரமாகத் திரிந்தது எல்லாம் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனதும் மனுஷராகிவிடும். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். இருந்தாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன்.

கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய அட்டை மாட்டியிருந்தாள். அதில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருக்கும். நல்லதாக ஏதாவது செய்தால் பெயருக்கு நேரே தங்க நிறத்தில் ஒரு ஸ்டார் ஒட்டுவாள். முதலில் அது தனித்தனியாகத்தான் இருந்தது. அந்த வருஷம் அவள் வகுப்பில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். உருவத்துக்கு ஏற்ற மாதிரி பொடிசு என்று எல்லோரும் கூப்பிடுவோம். சேட்டையும் கிடையாது, சாமர்த்தியமும் கிடையாது. என் வகுப்பில் இருந்தபோது அவள் வந்தாளா வரவில்லையா என்று பதிவேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அந்தப் பெண் ஒருநாள் எழுந்து நின்று, "டீச்சர், நான் என்ன பண்ணினா எனக்கு ஸ்டார் குடுப்பீங்க?" என்று கேட்டாள். இந்தப் பக்கம் இருந்த எனக்கே சுருக்கென்றது.

சபாஷ் டீச்சருக்கு எப்படி இருந்திருக்கும்? அட்டையைப் பார்த்தால், ஸ்டார் எல்லாம் அதே ஏழெட்டுப் பிள்ளைகளுக்குத்தான் போயிருக்கிறது. மறுநாளே அட்டையைக் கழற்றி, பெயர்களை எடுத்துவிட்டு, வரிசைக்கு வரிசை என்று மாற்றி எழுதினாள். மொத்தம் ஐந்து வரிசை. வரிசையில் எல்லோரும் வீட்டுப்பாடம் எழுதியிருந்தால் ஒரு ஸ்டார். சண்டை இல்லாமல் இருந்தால் ஒன்று. பாட நேரத்தில் யாரும் எழுந்து வெளியே போகாமல் இருந்தால் ஒன்று. கடைசியாகச் சொன்னது தலைமையாசிரியர் கேட்டுச் சேர்த்தது. கழிப்பறை மைதானத்துக்கு அந்தக் கோடியில் இருந்தது. ஒன்று போனால் பின்னாலேயே நாலு போகும், அரைமணி நேரம் ஆளைப் பார்க்க முடியாது. வெள்ளிக்கிழமை கூட்டிப் பார்த்து, ஜெயித்த வரிசைப் பிள்ளைகளின் பெயரைத் திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் மைக்கில் வாசிப்பார்.

நல்ல யோசனை என்று நானும் சொன்னேன். சொன்னதோடு விடாமல் என் வகுப்பிலும் அதே மாதிரி ஒன்றை மாட்டினேன். அதனால் இந்தக் கதையில் நான் யோக்கியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

பொடிசு மூன்றாவது வரிசை. தனியாக ஒரு ஸ்டார் வாங்காத பெண் வரிசையோடு சேர்ந்து வாங்க ஆரம்பித்ததும் ஆளே மாறிவிட்டாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள் சிரிப்புச் சத்தம் கேட்கும். நாலு வாரமாக மூன்றாவது வரிசை ஒரே ஒரு ஸ்டாரில் தோற்றுக்கொண்டிருந்தது. ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை வரை அவர்கள்தான் முன்னால் இருந்தார்கள்.

அந்த வியாழக்கிழமை, இரண்டாம் பீரியட். என் பிள்ளைகள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்ததால் இந்தப் பக்கம் அமைதியாக இருந்தது. அந்தப் பக்கம் பேசியது ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. முதலில் பொடிசின் குரல்.

"டீச்சர், வெளிய போகணும். வயிறு வலிக்குது."

"ஐயோ, உங்க வரிசைக்கு ஸ்டார் போயிடுமே கண்ணு."

யாரோ ஒரு பிள்ளை, "ஏய், உக்காருடி" என்று கிசுகிசுத்தது. அது அந்த வரிசையின் தலைவி என்று பிறகுதான் தெரிந்தது.

"இன்னும் இருபது நிமிஷம்தான். பொறுத்துக்குவியா?"

பெஞ்சில் உட்காருகிற சத்தம் கேட்டது. பிறகு, "பொறுத்துக்குவேன் டீச்சர்."

"சபாஷ்! எல்லாரும் கை தட்டுங்க!"

கை தட்டினார்கள். நான் விடைத்தாள் கட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அந்தப் புள்ளைய அனுப்பித் தொலையேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஊருக்கெல்லாம் திறக்கிற வாய் அன்றைக்குத் திறக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் அவள் பொடிசைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். "வலி எப்படி இருக்கு?" "போயிடுச்சு டீச்சர்." நிஜமாகவே போய்விட்டிருந்தது. அந்தப் பெண் முகம் தெளிந்து, இரண்டு வாய் சாப்பிடக்கூடச் செய்தாள். ஆசிரியர் அறைக்கு வந்து அவள் என்னிடம் பெருமையாகச் சொன்னாள்: "பாத்தீங்களாக்கா, கொஞ்சம் தைரியம் குடுத்தா தாங்கிக்குதுங்க." குடல்வால் வெடித்துவிட்டால் கொஞ்ச நேரம் வலி அடங்குமாம். டாக்டர் பிறகு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

சாயங்காலம் மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் ஓடின. பொடிசு மட்டும் டெஸ்கில் தலை வைத்துப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துத் தட்டி எழுப்பப் போனவள், "அக்கா!" என்று போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. உடம்பு அனலாய்க் கொதித்தது. வயிறு பலகை மாதிரி இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள்தான் பெண்ணைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். சீழ் வயிறு முழுக்கப் பரவிவிட்டது, காலையிலேயே கொண்டு வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். வெள்ளி, சனி இரண்டு நாளும் அவள் அந்த வார்டு வாசலில்தான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பொடிசு போய்விட்டாள். பத்து வயது முடியவில்லை.

திங்கட்கிழமை கூட்டத்தில் எந்தப் பெயரையும் வாசிக்கவில்லை. அவள் வகுப்புக்கு வந்து அட்டையைக் கழற்றினாள். மூன்றாவது வரிசைத் தலைவி அன்று முழுக்க வாயே திறக்கவில்லை. மறுநாள் டீச்சர் மேஜைக்கு வந்து, "நான்தான் டீச்சர் உக்காரச் சொன்னேன்" என்றது. அவள் அந்தக் குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "இல்லம்மா. நீ சொன்னதுக்காக அவ உக்காரல. நான் சொன்னதுக்காகத்தான் உக்காந்தா. இத நீ எப்பவும் ஞாபகம் வெச்சுக்கணும்." நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

கல்வி அலுவலகம் அறிக்கை கேட்டது. தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அவரே எழுதி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். 'மாணவி தன் உடல்நலக் குறைவு குறித்து வகுப்பாசிரியரிடம் தெரிவிக்கவில்லை' என்று ஒரு வரி அதில் இருந்தது.

"சார், அவ சொன்னா சார்" என்றாள் அவள்.

"வயித்துவலின்னு தினம் பத்துப் புள்ளைங்க சொல்லுது. அதெல்லாம் தெரிவிச்ச கணக்கா? கையெழுத்துப் போடும்மா. உன் வேலையக் காப்பாத்தத்தான் சொல்றேன்."

"அவங்க அம்மா இத நம்பிடுவாங்களே சார்."

"நம்பட்டுமே! உண்மையத் தெரிஞ்சுக்கிட்டு அந்தம்மா என்ன பண்ணப் போகுது?"

அவள் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். 'பக்கத்து வகுப்பாசிரியர்' என்று எழுதியிருந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். ஆமாம், போட்டேன். எனக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது, வீட்டில் படுத்த படுக்கையாய்ப் புருஷன். காரணம் சொல்ல ஆரம்பித்தால் ஆயிரம் சொல்லலாம், ஒன்றும் என் காதுக்கே ஏறவில்லை.

கையெழுத்துப் போடாத அவளை ஆறு மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள். பிறகு பாடப்புத்தகக் கிடங்கில் போட்டார்கள். இன்றைக்கும் அங்கேதான் கட்டுப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அடுத்து நான் சொல்லப்போகிற சனிக்கிழமைக்கு அப்புறம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அறிக்கை போன மறுவாரம் சனிக்கிழமை அவள் என் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, நான் அவங்க அம்மாவப் பாக்கப் போறேன். கூட வரீங்களா? தனியாப் போனா பாதி வழியில திரும்பிடுவேன்."

"பைத்தியமா உனக்கு? வாயில வந்ததத் திட்டுவாங்க. அடிச்சாலும் அடிப்பாங்க."

"அடிக்கட்டும்க்கா. அதுக்குத்தான போறேன்."

பொடிசின் அம்மா தையல் கம்பெனியில் காலர் தைக்கிறவள். புருஷன் வெளியூரில் லாரி ஓட்டுகிறான். மாடியில் ஒற்றை அறை. பள்ளிக்கூடப் பையைத் துவைத்து ஜன்னல் கம்பியில் தலைகீழாய்க் காயப் போட்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்து, இருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டாள். சபாஷ் டீச்சர் தரையில் உட்கார்ந்தாள்.

"தண்ணி குடிக்கிறீங்களா டீச்சர்?" என்று அவளைப் பார்த்துக் கேட்டாள் அந்த அம்மா. "ஆஸ்பத்திரியில நீங்க ரெண்டு நாளு பச்சத் தண்ணிகூடக் குடிக்கல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். என் பொண்ணுக்கு உங்கன்னா உசுரு டீச்சர். வீட்டுக்கு வந்தா உங்க பேச்சுத்தான். ஹெட்மாஸ்டர் வந்து சொன்னாரு, பாப்பா யார்கிட்டயும் வலின்னு சொல்லவே இல்லையாமே."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குள்ளே சொல்லிவிடாதே என்று ஒரு மனசு, சொல்லித் தொலை என்று ஒரு மனசு.

"சொன்னாம்மா" என்றாள். "எங்கிட்ட சொன்னா. ரெண்டாவது பீரியட்ல, வயிறு வலிக்குதுன்னு கை தூக்கிச் சொன்னா. நான்தான் அனுப்பல. உங்க வரிசைக்கு ஸ்டார் போயிடும், பொறுத்துக்கன்னு சொன்னேன். சரின்னு உக்காந்துட்டா. எல்லாரையும் கை தட்டச் சொன்னேன்." தரையைப் பார்த்தபடியே தொடர்ந்தாள். "பேப்பர்ல எழுதினது பொய்யும்மா. உங்க பொண்ணு சொன்னா. நான்தான் கேக்கல."

நானும் வாயைத் திறந்தேன். "நானும் கேட்டேன்மா. தடுப்புக்குப் பக்கத்துலதான் இருந்தேன். பேசாம இருந்துட்டேன்."

அந்த அம்மா கத்தவில்லை. கை ஓங்கவில்லை. கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மெதுவாக வந்து, டீச்சருக்கு எதிரே முட்டி இடிக்கிற மாதிரி தரையில் உட்கார்ந்தாள்.

"காலையில எங்கிட்டதான் டீச்சர் முதல்ல சொன்னா" என்றாள். "எந்திரிக்க முடியலம்மா, இன்னிக்கு ஸ்கூலுக்குப் போகலன்னு சுருண்டு படுத்துக்கிட்டா. எனக்கு அன்னிக்கு லீவு போட முடியாது. வீட்டுல தனியா விட்டுட்டும் போக முடியாது. நீ போகலன்னா உங்க வரிசைக்கு ஸ்டார் கிடைக்குமா, டீச்சர் உனக்கு சபாஷ் சொல்லுவாங்களான்னு கேட்டேன். உடனே எந்திரிச்சு அவளே சட்டைய மாட்டிக்கிட்டா."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். அந்த அம்மா கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"நீங்க வந்து எங்கிட்ட சொல்லிட்டீங்க டீச்சர்," என்றாள். "நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"