பந்தியை எழுப்ப வந்தவர்

அட்மிஷனின் கடைசி நாள். எங்கள் நாகர்கோவில் கல்லூரியின் விண்ணப்ப சர்வர் மணிக்கொரு தரம் உறைந்து நின்றது. சரிசெய்ய வந்தவர் நேந்திரங்காய் சிப்ஸ் தின்றபடியே புரோகிராமைப் படித்தார். பக்கத்தில் தாளாளரும் நானும் நின்றோம். படித்து முடித்தவர் என்னிடம் திரும்பினார்.

"சாரே, வந்த பிள்ளியளுக்க போட்டோ ஒண்ணையும் மெமரிய விட்டு இறக்கல்ல. உண்டவன எழும்ப விடாம அடுத்த பந்திய எங்க இருத்துவிய? எந்த மடையன் எழுதினான்?"

எழுதிய மடையன் துறைத்தலைவனான நான்தான். பதவி போய்விடுமோ என்று பயந்து, "துபாய்க்குப் போன பழைய வாத்தியார்" என்றேன்.

"அவனுக்க நல்ல காலம், தப்பிச்சான்" என்று சிரித்து, இரண்டு வரி சேர்த்தார். சர்வர் பிறகு உறையவில்லை.

அவர் போனபின் புரோகிராமைத் திறந்தேன். முதல் வரியில் பெருமையாகப் போட்டிருந்த என் பெயரை அழித்திருந்தார். அந்தப் பெயரைப் பார்த்த பிறகுதான் மடையன் என்றாரா? இன்றும் தெரியவில்லை. துபாய்க்காரரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.