சிவப்பு அம்பு ஒட்டிய வீடு

செய்தி வந்தபோது மதியம் இரண்டேகால் மணி. அலுவலகத்தில் சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடுதான் போனை எடுத்தேன். அக்கா வேலை செய்த தையல் ஆலையின் மேற்பார்வையாளர் பேசினார்.

"சட்டையப் பார்த்துட்டே இருந்தாங்கம்மா. அப்படியே மேஜை மேல சாஞ்சிட்டாங்க. தூங்குறாங்கன்னு நெனச்சு நாங்க எழுப்பல."

அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. வேலை நேரத்தில் என் அக்கா தூங்க மாட்டாள். பக்கத்து மேஜைக்காரி கொட்டாவி விட்டாலே அந்தப் பெண் பார்த்து முடித்த சட்டைகளைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறவள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அவளைப் பொறுமைசாலி என்றார்கள், வெள்ளந்தி என்றார்கள். இரண்டும் இல்லை. அவளைப் பற்றி உண்மையாக ஏதாவது எழுதுவதென்றால், தண்டவாளத்தை ஒட்டிய இந்த வீட்டை அவள் வாங்கிய கதையைத்தான் எழுத வேண்டும்.

ஆலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். தைத்து முடித்த சட்டைகள் கட்டுக் கட்டாக அவள் மேஜைக்கு வரும். ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பி, தையல் தையலாக விரலை ஓட்டிப் பார்ப்பாள். ஒரு நூல் விட்டிருந்தால், ஒரு பொத்தான் துளை கோணலாக இருந்தால், அந்த இடத்தில் நகமளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். தையல்காரர் சரிசெய்துகொண்டு வந்ததும் அம்பைத் தன் கையால்தான் எடுப்பாள். வேறு யாராவது எடுத்திருந்தால் அந்தச் சட்டை மறுபடி முதலிலிருந்து சோதனைக்குப் போகும்.

அவளாகவே வைத்துக்கொண்ட இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு கட்டு முழுக்கப் பார்த்தும் ஒரு குறைகூடக் கிடைக்கவில்லை என்றால் அதற்குக் கையெழுத்துப் போட மாட்டாள். "கண்ணு அசந்துபோச்சு" என்று சொல்லி மறுபடி பிரிப்பாள். ஒரு குறையாவது அகப்பட்டால்தான் மீதியை நம்புவாள்.

இந்தப் புத்தி ஆலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவளைப் பெண் பார்க்க ஒருவர் வந்தார். நல்ல வேலை, அடக்கமான பேச்சு. அவர் போனதும் அக்கா சொன்னாள்: "மூணாவது பொத்தான் மட்டும் வேற நூல்ல தைச்சிருக்கு. ஆம்பள தைச்ச தையல் இல்ல அது." அவ்வளவுதான், அந்தப் பேச்சு முடிந்தது. அது அவருடைய அம்மா தைத்ததாக இருக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அம்மாவா இருந்தா அதே நிறத்துல நூல் தேடியிருப்பாங்க" என்றாள். அதற்கு மேல் யாரும் அவளுக்கு வரன் கொண்டுவரவில்லை. எனக்கு வந்த ஒன்றிரண்டையும் அவளே வாசலில் வைத்து விசாரித்து அனுப்பிவிட்டாள். இருவருமாக வாடகை வீடுகளில் வயதானோம்.

ஒவ்வொரு வீட்டையும் அடுத்தவர் வாய்ச்சொல்லுக்காகக் காலி செய்திருக்கிறோம். மகன் வருகிறான், சுவரை இடிக்கப் போகிறோம், கூரை ஒழுகுகிறது என்று ஏதாவது ஒரு காரணம். கடைசி வீட்டுக்காரர், மகளுக்குப் பிரசவம், வீடு வேண்டும் என்றார். அக்கா என்னிடம் மெல்லக் கேட்டாள்: "அந்தப் பொண்ணப் போன வாரம் பார்த்தேனே, வயிறே இல்லையே?" ஆனாலும் மாதக் கடைசிக்குள் கிளம்பியாக வேண்டும். அன்றைக்குத்தான் சொன்னாள்: "போதும் பாப்பா. இனிமே நம்மள யாரும் கெளம்புன்னு சொல்ல முடியாத இடமாப் பாக்கணும்."

எனக்கு அப்போது ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு நான் பாப்பாதான்.

கையில் இருந்தது அவள் ஆயுசு முழுக்கச் சேர்த்தது. ஒரு முறைதான் வாங்க முடியும். தப்பான வீடாக அமைந்துவிட்டால் சரிசெய்யப் பணமும் இருக்காது, வயதும் இருக்காது. அவள் சந்தேகத்தில் இந்த முறை நியாயம் இருந்தது.

தரகர் வந்தார். சிரித்த முகம், வெள்ளைச் சட்டை.

"ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்குங்கம்மா வீடு. விலையும் கம்மி."

"பக்கத்துலன்னா?"

"கூப்பிடு தூரம்."

"யாரு கூப்பிடுற தூரம்? ஸ்டேஷன் மாஸ்டரா, ரயிலா?"

போய்ப் பார்த்தோம். பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பி வேலி, அதற்கு அந்தப் பக்கம் தண்டவாளம். பின்னறை ஜன்னலில் இருந்து கையை நீட்டினால் ரயிலில் இருப்பவரிடம் உப்பு கேட்டு வாங்கலாம். மூன்று அறை, ஒரு சமையலறை, சுவரெல்லாம் புது வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்ததுமே அக்காவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"எதையோ பூசி மெழுகியிருக்காங்க" என்று என் காதில் சொன்னாள். "அழுக்குச் சட்டையத்தான் நல்லா இஸ்திரி போட்டு மடிப்பாங்க."

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். மகள் வீட்டுக்குப் போகப் போவதாகச் சொன்னார். அக்கா அவரை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "ரயில் சத்தம் எப்படிங்கண்ணே?"

"எந்த ரயிலும்மா?"

அவள் என் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினாள். பார்த்தாயா, நழுவுகிறான் என்று அர்த்தம். பிறகுதான் தெரிந்தது, அவருக்குக் காது மந்தம். "முப்பது வருஷம் இன்ஜின் பக்கத்துலயே உக்காந்தாச்சு. பென்ஷன் வந்துச்சு, காது போச்சு" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. காது கேட்காதவர் சொல்கிற சாட்சியை எப்படி ஏற்பது?

கைப்பையில் இருந்து சிவப்பு அம்புகளை எடுத்தாள். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனாள். ஓசை வேறாகக் கேட்ட இடத்தில், பூச்சு தடித்துத் தெரிந்த இடத்தில், ஒவ்வொரு அம்பு ஒட்டினாள். முழங்கால் உயரத்தில் ஒன்று, கதவு மூலையில் ஒன்று, உத்தரத்துக்குக் கீழே ஸ்டூல் போட்டு ஏறி ஒன்று. ஒரு வாரம் ரயில்கள் ஓடி ஆட்டட்டும், பூசி மறைத்த விரிசல் தன்னால் வெளியே வரும் என்பது அவள் கணக்கு. டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காததையும் அக்கா குறித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் போனபோது வாசலிலேயே நின்றுவிட்டோம். வெவ்வேறு அறைகளில் ஒட்டிய அம்புகள் எல்லாம் முன்னறைச் சுவரில், கண் உயரத்தில், ஒரே நேர்வரிசையில் இருந்தன. சம இடைவெளி விட்டு, பள்ளிப் பிள்ளைகள் போல.

அக்காவின் முகம் வெளுத்தது. என் கையை இறுக்கிப் பிடித்தாள். "தடயத்தை அழிச்சிட்டான்டி."

பிறகு டிரைவரிடம் குரலை உயர்த்தினாள். அவருக்குக் காது மந்தம் என்பதால் கோபத்துக்கும் பேச்சுக்கும் ஒரே சத்தம்தான்.

"அம்ப எல்லாம் எதுக்கு எடுத்தீங்க?"

"நான் எடுக்கலம்மா. ரயில் போற அதிர்வுல ஒவ்வொண்ணா விழுந்துச்சு. படம் மாட்ட, ஆணி அடிக்க நீங்க அடையாளம் வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். ஆனா நீங்க ஒட்டினது ஒண்ணு மேல ஒண்ணு கீழயா இருந்துச்சா? அப்படியே ஆணி அடிச்சா பாக்க நல்லா இருக்காதேன்னு, எல்லாரும் பாக்குற முன்னறையிலயே கயிறு புடிச்சு நேரா ஒட்டி வச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா முறைத்தாள். திரும்பி வந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாள்: "நம்புற மாதிரியே சொல்றார். அதான் நம்ப முடியல."

தரகர் தினமும் போன் செய்தார். வேறு ஒருவர் முன்பணத்தோடு நிற்கிறார் என்றார். "அப்ப அவருக்கே குடுங்க" என்று அக்கா வைத்துவிட்டாள். மறுநாளும் அவரே கூப்பிட்டார். "பார்த்தியா, யாரும் நிக்கல" என்றாள். ஆனால் மாதம் முடிந்துகொண்டிருந்தது. எங்கள் சாமான்களில் பாதி பெட்டிக்குள் போய்விட்டது.

கடைசியாக ஒரு நிபந்தனை போட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருந்து சாயங்காலம் வரை அந்த வீட்டிலேயே உட்கார்ந்திருப்போம், எல்லா ரயிலும் போகட்டும். டிரைவர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். "எனக்கும் பேச்சுத்துணை ஆச்சு."

சாப்பாடு கட்டிக்கொண்டு போனோம். அக்கா ஒவ்வொரு அறையிலும் தரையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள். ரயில் வரும்போதெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் குனிந்தாள். தண்ணீர் நடுங்கியது, சிந்தவில்லை. சுவரைத் தட்டினாள். கதவுகளைத் திறந்து மூடினாள். சாக்கடையில் வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். வெள்ளைக்கு அடியில் வெறும் சுவர்தான் இருந்தது. வீட்டை விற்பதால் வெள்ளை அடித்திருக்கிறார், அவ்வளவுதான்.

பொழுது சாயச் சாய எனக்கு மனசு லேசானது, அவள் முகம் இருண்டது.

"ஒண்ணுமே இல்ல பாப்பா. வேணாம், கெளம்பு."

"ஒண்ணும் இல்லன்னா நல்லதுதானே? குறை இல்லன்னு ஒரு வீட்ட யாராவது வேணாம்பாங்களா? உனக்கென்ன பைத்தியமா?"

"கிழிஞ்ச சட்டையக்கூடத் தைச்சுப் போட்டுக்கலாம். எங்க கிழிஞ்சிருக்குன்னே தெரியாத சட்டையப் போட்டுட்டு எப்படிடி நாலு பேர் நடுவுல நிக்கிறது?"

எனக்கு அழுகை வந்தது. நாளை மறுநாள் எங்கே போவது என்று அவளுக்கும் தெரியாது. சொல்லிவிட்டு வரலாம் என்று டிரைவரைத் தேடினோம். அவர் நாற்காலியில் இல்லை. பின்னறையில், ஜன்னல் கொண்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அடுத்தது வருது" என்றார்.

எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் வந்தது. அவர் கையை எடுத்தார். அந்தக் கொண்டி, குளிரில் பல் அடித்துக்கொள்வதுபோல் கடகடவென்று அடித்துக்கொண்டது. ரயில் போய் முடிந்த பிறகும் ஓரிரு முறை தட்டியது. காலையில் இருந்து இந்தச் சத்தம் வரவே இல்லை.

டிரைவர் இன்னொரு கையை விரித்துக் காட்டினார். நாலாக மடித்த செய்தித்தாள் துண்டு.

"நீங்க இருக்கற வரைக்கும் இத சொருகி வைக்கணும்னு தரகர் சொன்னாரும்மா. வச்சேன். ஆனா மனசு கேக்கல, எடுத்துட்டேன். வீட்டுல கோளாறுன்னா இது ஒண்ணுதான். ஆணி தேஞ்சுபோய் கொண்டி ஆடுது. கெட்டியா ஏதாவது அண்டை கொடுத்தா சத்தம் நின்னுடும். என் வீட்டுக்காரி இருந்தவரைக்கும் தினம் திட்டுவா. எனக்குத்தான் கேக்காதே. கைய வச்சா ரயில் வர்றது தெரியும். அதுக்காகவே சரிபண்ணாம விட்டேன்."

அக்கா அந்தத் தாளை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். கொண்டியை ஆட்டிப் பார்த்தாள். ஆடியது. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. பையில் இருந்து ஒரு அம்பை எடுத்து, கொண்டிக்கு நேராக ஜன்னல் சட்டத்தில் அழுத்தி ஒட்டினாள்.

"வாங்கிடலாம்டி" என்றாள்.

டிரைவர் அதற்குப் பிறகு ஒரு முறை வந்தார். நேராகப் பின்னறைக்குப் போய்க் கொண்டியில் கை வைத்து நின்றார். அக்கா டீ கொடுத்தாள். அவர் போனதும், எதையாவது விட்டுவிட்டுப் போய் அதை எடுக்க வந்தாரா என்று அந்த அறை முழுக்கத் தேடினாள்.

ஆறு வருடம் இங்கே இருந்தோம். யாரும் எங்களைக் கிளம்பச் சொல்லவில்லை. ஒழுகிய குழாயில், கீறல் விழுந்த ஓட்டில், தாழ் சேராத கதவில் எல்லாம் அம்புகள் ஏறின, வேலை முடிந்ததும் அவள் கையால் இறங்கின. கொண்டியில் இருந்தது மட்டும் இறங்கவில்லை. கேட்டால், "இந்த ஞாயித்துக்கெழம பாத்துடலாம்" என்பாள். மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது எனக்கே சந்தேகம் வருகிறது. அந்த ஒன்றையும் எடுத்துவிட்டால் குறையே இல்லாத வீடாகிவிடும், அவளுக்கு அதில் தூக்கம் பிடித்திருக்காது.

இன்று மாலை தரகரும் துக்கம் கேட்க வந்திருந்தார். அதே சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, "தனியா இருக்கீங்க, இந்த வீட்ட என்ன பண்ணப் போறீங்க?" என்று ஆதரவாகக் கேட்டார். நான் அவர் சட்டைப் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் போன பிறகு பின்னறையைப் பெருக்கினேன். காலருக்குள் வைத்துத் தைக்கும் கெட்டித் துணியை ஆலையில் இருந்து கொண்டுவந்து, கொண்டிக்கு அண்டை கொடுக்கும் அளவுக்கு வெட்டி, மூன்றாக மடித்து, அக்கா ஜன்னல் திட்டின் மேல் எப்போதோ வைத்திருக்கிறாள். மேலே தூசி படிந்திருக்கிறது. நானும் இன்னும் சொருகவில்லை.